காத்திருப்பும் கலப்பையும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பமிட்ட எழுத்து வடிவம்)



இந்த மேடைக்கு அழைத்தவர்கள் தலைப்பை என் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள். நான் எடுத்துக்கொண்டது 19ஆம் நூற்றாண்டு யூத ரபிகளின் ஒரு வழக்கு. யூதர்கள் மெசியா வருமுன்பே தங்கள் பழைய நிலத்துக்குக் கூட்டமாகப் போய்க் குடியேறலாமா, கூடாதா? அந்த நிலத்தின் பெயர் இன்று நாளிதழில் வராத நாள் இல்லை. அதன்மேல் துப்பாக்கி பேசத் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே நூல்கள் பேசின. அந்தப் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்காமல் இன்றைய சண்டையைப் புரிந்துகொள்ள முடியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வழக்கமாகச் சொல்லப்படும் கதை இது: தேசியம் என்பது புதுச்சரக்கு, ரபிகள் பழமைவாதிகள், அதனால் எதிர்த்தார்கள், காலத்தின் போக்கை உணர்ந்த ஒரு சிலர் மட்டும் ஆதரித்தார்கள். இந்தக் கதை ஆவணங்களோடு ஒத்துப்போகவில்லை. குடியேற்றத்துக்கு முதல் குரல் கொடுத்தவர்களில் ஒருவர், எருசலேமில் மீண்டும் பலிபீடம் எழுப்பிப் பலி செலுத்த வேண்டும் என்று வாதாடியவர். அவரைவிடப் பெரிய பழமைவாதியைத் தேடிப் பிடிப்பது கடினம். யூதத் தேசிய இயக்கமான சியோனியத்தைத் தொடக்கத்திலேயே வெளிப்படையாகக் கண்டித்தவர்களில் சிலரோ ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் படித்து, ஜெர்மன் மொழியில் பிரசங்கம் செய்த நவீன ரபிகள். பிளவுக்கோடு பழமைக்கும் புதுமைக்கும் நடுவில் ஓடவில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரு தரப்பும் ஒரே நூல்களை வைத்துக்கொண்டு ஒரே கேள்வியோடு மல்லுக்கட்டின. காத்திருப்பது என்றால் என்ன? கையைக் கட்டிக்கொண்டு இருப்பதா, அல்லது கையில் கலப்பையைப் பிடித்துக்கொண்டும் காத்திருக்க முடியுமா? இந்தக் கேள்வி படிப்பறையில் இருந்தவரை இரு விடைகளும் அக்கம்பக்கமாக வாழ்ந்தன. வயலுக்கு வந்த அன்றுதான் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டிய நெருக்கடி வந்தது.

1. மூன்று ஆணைகள்

யூத மரபின் பெரும் சட்ட, உரைத் தொகுப்பான தல்மூதில் கெதுபோத் என்றொரு பகுதி உண்டு. திருமண ஒப்பந்தங்களைப் பற்றியது. அதன் கடைசி ஏடுகளில், கணவன் மனைவியரில் ஒருவர் இஸ்ரவேல் நிலத்துக்குப் போக விரும்பி மற்றவர் மறுத்தால் என்ன செய்வது என்ற விவாதம் வருகிறது. அங்கேதான் ரபி ஸெய்ராவைச் சந்திக்கிறோம். பாபிலோனியாவில் படித்தவர், இஸ்ரவேல் நிலத்துக்குப் போய்விட வேண்டும் என்று தவித்தவர். ஆனால் அவர் ஆசிரியர் ராவ் யெகூதாவோ, பாபிலோனியாவை விட்டுப் போவதே கட்டளை மீறல் என்று கற்பித்தவர். ஸெய்ரா என்ன செய்தார்? ஆசிரியர் கண்ணில் படாமல் ஒதுங்கி ஒதுங்கி நடந்தார். அப்படி ஒளிந்து திரிந்தவருக்கு அவரிடம் கடைசியாக ஒரு வார்த்தையாவது கேட்காமல் புறப்பட மனம் வரவில்லை. தேடிப் போனார்; குளியலறையில் இருந்தவரின் சில சாதாரணப் பேச்சுகளைக் கேட்டு, இதற்காக மட்டுமே வந்திருந்தாலும் போதும் என்று மகிழ்ந்தார் என்கிறது தல்மூது. கட்டளையை மீறப்போகும் மாணவன் ஆசிரியரிடம் வைத்திருந்த பாசம் இது. நான் பேசப்போகும் வழக்கின் உணர்ச்சி முழுவதும் இந்தச் சின்னக் காட்சிக்குள் இருக்கிறது.

ராவ் யெகூதாவின் வாதத்துக்கு உன்னதப்பாட்டும் ஆதாரமாக வருகிறது. அது காதல் பாட்டு. அதில் எருசலேம் பெண்களை நோக்கி, காதலை அதன் வேளைக்குமுன் எழுப்பக்கூடாது என்று ஆணையிடும் வரி மூன்று இடங்களில் வருகிறது. காதல் பாட்டில் இறைவனைக் காண்பது தமிழருக்குப் புதிதில்லை. திருக்கோவையாரின் அகத்துறைகளையும் ஆழ்வார்களின் தலைவி பாவனைப் பாசுரங்களையும் நம் உரைகாரர்கள் எப்படி விரித்தார்களோ, அப்படித்தான் யூத ஞானிகள் உன்னதப்பாட்டை விரித்தார்கள். தலைவன் இறைவன், தலைவி இஸ்ரவேல் மக்கள். மூன்று இடங்களிலிருந்து மூன்று ஆணைகளை எடுத்தார்கள். இஸ்ரவேலர் மதில்போல் ஒன்றாகத் திரண்டு அந்த நிலத்துக்கு ஏறிப் போகக்கூடாது. உலக மக்களுக்கு எதிராகக் கலகம் செய்யக்கூடாது. மூன்றாவது ஆணை மற்ற மக்களுக்கு: இஸ்ரவேலரை அளவுக்கு மீறி ஒடுக்கக்கூடாது.

இது கதைப்பகுதியா, சட்டமா? இங்கேதான் உரைகாரர்கள் பிரிகிறார்கள். இடைக்காலச் சட்ட அறிஞர் மைமோனிடஸ் தம் சட்டத் தொகுப்பில் இந்த ஆணைகளைச் சேர்க்கவில்லை; அந்த நிலத்தில் குடியிருப்பதைத் தனிக் கட்டளையாகவும் எண்ணவில்லை. அவருக்குப் பின்வந்த நஹ்மனிடஸ், அது எல்லாத் தலைமுறைக்கும் உரிய கட்டளை என்று எதிர்த்து எழுதினார். எழுதியதோடு நிற்காமல் 1267இல், எழுபது வயதைத் தாண்டிய பிறகு, ஸ்பெயினை விட்டுக் கிளம்பி எருசலேம் போய்ச் சேர்ந்தார். ஆக, 19ஆம் நூற்றாண்டு ரபிகள் கையில் இருந்தது தீர்ப்பு எழுதப்படாத வழக்கு.

2. எல்லைப்புற ஊர்களின் இரண்டு ரபிகள்

முதலாமவர் யெகூதா அல்கலாய். 1798இல் சராயெவோவில் பிறந்தவர். பெல்கிரேடுக்கு எதிர்க்கரையில் உள்ள செம்லின் என்ற சிற்றூரின் ரபி. ஒரு பக்கம் ஆஸ்திரியப் பேரரசு, மறுபக்கம் துருக்கியருக்கு எதிராகப் போராடி எழுந்துகொண்டிருந்த செர்பியா. ஒரு சிறு மக்களினம் தன் நிலத்தைத் தானே மீட்பதை அவர் ஆற்றின் இக்கரையிலிருந்து பார்த்திருக்கிறார். 1840இல் டமாஸ்கஸில் ஒரு கத்தோலிக்கத் துறவி காணாமல்போனார். யூதர்கள்தான் இரத்தத்துக்காகக் கொன்றார்கள் என்று பழி விழுந்தது. பலர் பிடிபட்டு வதைபட்டார்கள். இங்கிலாந்திலிருந்து மாண்டிஃபியோரியும் பிரான்சிலிருந்து கிரெமியேயும் கிழக்கே போய் வாதாடிச் சிறையில் எஞ்சியிருந்தவர்களை விடுவித்தார்கள். சிதறிக் கிடக்கும் மக்கள் ஒன்றுகூடினால் காரியம் நடக்கும் என்பதை அல்கலாய் அன்று கண்டுகொண்டார்.

அவர் பற்றிக்கொண்டது ஒரு சொல்லை. எபிரேயத்தில் தெஷுவா என்றால் மனந்திரும்புதல். மெசியா வர மக்கள் மனந்திரும்ப வேண்டும் என்பது எல்லாரும் ஒப்புக்கொண்ட கோட்பாடு. அந்தச் சொல்லின் வேர்ப்பொருள் ‘திரும்புதல்’. தனிமனிதன் பாவத்திலிருந்து திரும்புவது ஒரு திரும்புதல். மக்கள் அனைவரும் தங்கள் நிலத்துக்குத் திரும்புவது பொதுத் திரும்புதல் என்றார் அல்கலாய். சொல்லை அவர் மாற்றவில்லை, கோட்பாட்டையும் மாற்றவில்லை. காத்திருப்புக்கான நிபந்தனையையே பயணமாக்கிவிட்டார். உரை மரபில் வளர்ந்த ஒருவருக்குத்தான் இது கைகூடும். பின்னாளில் சியோனிய மாநாட்டைக் கூட்டிய தியோடர் ஹெர்ஸலின் தாத்தா இந்தச் செம்லின்காரர், அல்கலாயின் தொழுகைக்கூடத்துக்கு வந்துபோனவர் என்பதையும் சொல்ல வேண்டும். அந்தத் தொடர்பைக் கொண்டு பேரனின் சியோனியத்தை விளக்கிவிட முடியாது என்பது என் எண்ணம்.

இரண்டாமவர் ஸ்வி ஹிர்ஷ் காலிஷர்; பலிபீடத்துக்காக வாதாடியவர் என்று தொடக்கத்தில் சொன்னேனே, அவர். பிரஷ்ய ஆட்சியில் இருந்த போலந்து ஊரான தோர்னில் சம்பளம் வாங்காமல் ரபி பணி செய்தவர். மனைவியின் சிறு வியாபாரத்தில்தான் குடும்பம் நடந்தது. 1836இலேயே ராத்ஸ்சைல்டு குடும்பத்தாருக்கு எழுதினார். அவரது ‘தெரிஷத் சீயோன்’ என்ற நூல் 1862இல் வந்தது. மீட்பு வானத்திலிருந்து ஒரே நாளில் இறங்காது. மனித முயற்சியில், அரசுகளின் இசைவோடு, சிறுகச் சிறுக வரும். இறுதிப் பகுதி மட்டுமே அற்புதம் என்பது அவர் வாதம். அரசுகளின் இசைவு என்பதைக் கவனியுங்கள். மதில்போல் திரள்வதும் கலகமும்தானே விலக்கப்பட்டவை? அனுமதி பெற்று, நிலம் வாங்கி, உழுது வாழ்வதில் எந்த ஆணையும் மீறப்படவில்லை.

‘சிறுகச் சிறுக’ என்பதற்கு எருசலேம் தல்மூதில் ஒரு காட்சி உண்டு. ரபி ஹிய்யாவும் ரபி ஷிமோன் பென் ஹலஃப்தாவும் விடியும் முன் கலிலேயாவின் அர்பேல் பள்ளத்தாக்கில் நடந்துபோகிறார்கள். கிழக்கு வெளுக்கிறது. முதலில் ஒரு கீற்று, பிறகு சற்றே பரவல், பிறகு வெள்ளம்போல் ஒளி. இஸ்ரவேலின் மீட்பும் இப்படித்தான் என்கிறார் ஹிய்யா. குடியேற்றத்தை ஆதரித்தவர்களுக்கு இந்தப் பள்ளத்தாக்கு நெஞ்சுக்கு நெருக்கமான இடம்.

ஃபிராங்க்பர்ட்டின் சாம்சன் ராஃபேல் ஹிர்ஷ் காலிஷருக்கு இணங்கவில்லை. சிதறல் வெறும் தண்டனை ஆகாது. மற்ற மக்களிடையே இறைக் கட்டளைப்படி வாழ்ந்து காட்டும் பணி அது என்று அவர் கருதினார். மீட்பை மனிதன் விரைவுபடுத்துவதை அவரால் ஏற்க முடியவில்லை.

3. எருசலேமின் தயக்கம்

எருசலேம், ஹெப்ரோன், சஃபேத், திபேரியா ஆகிய நான்கு ஊர்களிலும் முன்பே யூதர்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். படிப்பும் தொழுகையுமே வாழ்க்கை. உலகெங்கும் திரட்டி அனுப்பப்பட்ட ஹலுக்கா என்ற நன்கொடைதான் பிழைப்பு. விவசாயக் குடியேற்றம் அந்த நன்கொடையைத் திசைதிருப்பிவிடும் என்ற அச்சம் இவர்களிடம் இருந்தது உண்மை. அதை மட்டும் சொல்லி எதிர்ப்பை வயிற்றுப் பிரச்சினையாகச் சுருக்குவது நியாயமில்லை. நிலத்தைத் தொட்டால் நிலத்தோடு ஒட்டிய கட்டளைகள் விழித்துக்கொள்ளும் என்பது அவர்களுக்கு மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். தசமபாகம், ஒரே வயலில் இருவகை விதை கலவாமை, மரத்தின் முதல் மூன்றாண்டுக் கனியை விலக்குதல், எல்லாவற்றுக்கும் மேலாக ஏழாம் ஆண்டு. வார்சாவில் இருக்கும் யூதனுக்கு இவை ஏட்டில் உள்ள சட்டம். அந்த நிலத்தில் உழுபவனுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு வினா.

4. 1888: உழவு நின்ற வயல்

ரஷ்யாவில் 1881இல் தொடங்கிய யூத எதிர்ப்புக் கலவரங்களுக்குப் பிறகு ஹிப்பத் சீயோன், அதாவது சீயோன் அன்பு என்ற இயக்கம் எழுந்தது. பியாலிஸ்டோக் ரபி சாமுவேல் மொஹிலேவர் அதன் தூண்களில் ஒருவர். 1882இல் பாரிஸ் போய் பரோன் எட்மண்ட் ராத்ஸ்சைல்டைச் சந்தித்தார். உழவு அறிந்த யூதர்களை அனுப்புகிறேன், நிலம் கொடுங்கள் என்று கேட்டார். ரஷ்யப் பேரரசில் ருஷானிக்குப் பக்கத்தில் உள்ள பாவ்லோவ்கா என்ற உழவர் குடியிருப்பிலிருந்து குடும்பங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1883இல் ஆகிர் என்ற அரபுக் கிராமத்துக்கு அருகே எக்ரோன் குடியிருப்பு உருவானது. பின்னர் பரோனின் தாயார் பெயரால் மஸ்கெரெத் பாத்யா ஆயிற்று.

இந்த உழவர்கள் சுத்த சம்பிரதாயக்காரர்கள். 1888 இலையுதிர்காலத்தில் ஏழாம் ஆண்டு பிறந்தது. விவிலியச் சட்டப்படி அந்த ஆண்டு நிலம் ஓய்வெடுக்க வேண்டும், உழவில்லை, விதைப்பில்லை. தானாக விளைவது எல்லாருக்கும் பொது. இவர்களோ இன்னும் தங்கள் காலில் நிற்காதவர்கள், பரோனின் உதவித்தொகையில் வாழ்பவர்கள். ஓர் ஆண்டு நிலத்தைத் தரிசாகப் போட்டால் குடியேற்ற முயற்சியே முறிந்துவிடும் என்று ஐரோப்பாவில் இருந்தவர்கள் அஞ்சினார்கள்.

மொஹிலேவரும், குட்னோவின் இஸ்ரவேல் யெகோஷுவா துருங்கும், வார்சாவின் ஷ்மூவேல் ஸான்வில் கிளெப்ஃபிஷும் கூடி ஒரு வழி கண்டார்கள். நிலத்தை அந்தக் காலத்துக்கு யூதரல்லாத ஒருவருக்கு விற்றுவிடலாம். அப்போது அது யூத நிலம் ஆகாது, உழவு செய்யலாம். அந்தத் தலைமுறையின் பெரிய சட்ட அறிஞரான கோவ்னோவின் யிட்ஸ்ஹாக் எல்ஹானான் ஸ்பெக்தர் நிபந்தனைகளோடு இசைந்தார்: இந்த ஒரு முறைக்கு மட்டும். தளர்வுக்கு அடிப்படை இருந்தது. கோயில் இல்லாத இந்தக் காலத்தில் ஏழாம் ஆண்டுக் கட்டளை ஞானிகள் விதித்த அளவில்தான் நிற்கிறது, மோசேயின் சட்டநூலான தோராவின் நேர்க்கட்டளையாக நிற்கவில்லை என்பது பெரும்பாலான சட்ட வல்லுநர் கருத்து. உயிர் நெருக்கடியில் அத்தகைய விதியைத் தளர்த்த வழி உண்டு.

எருசலேமின் யெகோஷுவா லெய்ப் திஸ்கினும் ஷ்மூவேல் ஸாலந்தும் கூடாது என்றார்கள். அந்த நிலத்தை வேற்றாருக்கு நிலையாக விற்பதற்கே தடை இருக்கும்போது, ஒரு கட்டளையைத் தப்ப இன்னொன்றை மீறுவதா என்பது எதிர்ப்பின் சாரம். இது வெறும் சியோனிய எதிர்ப்பு என்று நினைத்துவிடாதீர்கள். வோலோஷின் யெஷிவா என்ற சமயக் கல்விக்கூடத்தின் தலைவர் நஃப்தலி ஸ்வி யெகூதா பெர்லின் ஹிப்பத் சீயோனின் உறுதியான ஆதரவாளர். அவரும் இந்த விற்பனையை ஏற்கவில்லை. எக்ரோன் உழவர்களின் வட்டாரமான ருஷானியில் ரபியாக இருந்த மொர்தெகாய் கிம்பெல் யாஃபே குடியேற்றத்தை ஊக்குவித்தவர், 1888இல் தாமே அந்த நிலத்துக்கு வந்து குடியிருந்தவர், அவரும் எதிர்த்தார்.

மொஹிலேவரும் பெர்லினும் யாஃபேயும் ஒரே பக்கம் நின்று குடியேற்றத்தை விரும்பியவர்கள். பிரித்தது காத்திருப்பைப் பற்றிய கேள்விதான். நிலத்தில் குடியிருப்பது ஒரு கட்டளை; நிலத்தை ஓய்வெடுக்க விடுவது இன்னொரு கட்டளை. இரண்டும் ஒரே நிலத்தின்மேல் விழும்போது எதற்கு முதலிடம்? குடியிருப்பு தழைத்தால்தான் நாளைக்குக் கட்டளைகள் நிலைக்கும் என்றார் மொஹிலேவர். கட்டளையைத் தள்ளிவைத்து வேரூன்றிய குடியிருப்பு எதற்காக என்றார் பெர்லின். இந்த இருவரில் ஒருவரை மட்டும் சரி என்று சொல்ல என்னால் இன்றுவரை முடியவில்லை.

எக்ரோன் உழவர்கள் எருசலேம் ரபிகள் சொன்னதை ஏற்றுக் கலப்பையைக் கீழே வைத்தார்கள். பரோனின் நிர்வாகிகள் உதவித்தொகையை நிறுத்தினார்கள். அடுத்த வேளைச் சோற்றுக்கு வழி தெரியாத நிலையிலும் அவர்கள் வயலில் இறங்கவில்லை. இந்த வழக்கைப் படிக்கத் தொடங்கிய நாளிலிருந்து என் மனக்கண்ணை விட்டு அகலாத காட்சி இது. தலைமுறைகளாக மண்ணில் உழன்ற கைகள். முதல் மழை விழுந்து மண் பதமாகியிருக்கும் கார்த்திகை. விதை இல்லாமல் இல்லை, மாடு இல்லாமல் இல்லை. வீட்டு வாசலில் உட்கார்ந்து ஈரம் காய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். காத்திருப்பது சும்மா இருப்பது என்று நினைப்பவர்கள் இந்த உழவர்களிடம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போனால் நான் நேர்மையில்லாதவன் ஆவேன். இந்தத் தீர்ப்பு நூல்களில் அந்த நிலத்தின் அரபு உழவன் வருகிறான். எப்படி வருகிறான்? விற்பனைப் பத்திரத்தில் ‘வாங்குபவன்’ என்ற சட்டப் பாத்திரமாக. யூதர் தொடக்கூடாத வேலையைச் செய்து தரும் கூலியாளாக. ஆகிர் கிராமத்தானுக்கு அந்த நிலத்தில் என்ன உரிமை, என்ன நினைவு, புது அயலாரைப் பற்றி என்ன அச்சம் என்று கேட்கும் கேள்வியை நான் இந்த விவாதத்தில் காணவில்லை. விதை கலப்பதற்கு இத்தனை நுணுக்கம் பார்த்த மரபு இதையும் பார்த்திருக்க முடியும். அந்நியனை ஒடுக்காதே, நீயும் எகிப்தில் அந்நியனாக இருந்தாய் என்ற கட்டளை அதே தோராவில்தான் இருக்கிறது.

5. 1897: இரு திசை எதிர்ப்பு

ஹெர்ஸல் முதல் சியோனிய மாநாட்டை மியூனிக்கில் கூட்ட நினைத்தார். ஜெர்மன் ரபிகள் சங்கத்தின் செயற்குழுவினர் ஐவர் கண்டன அறிக்கை விட்டார்கள். மியூனிக் யூத சமூகமும் விரும்பவில்லை. மாநாடு பாசலுக்கு இடம்மாறி 1897 ஆகஸ்ட் 29இல் தொடங்கியது. ஹெர்ஸல் அவர்களைக் கண்டன ரபிகள் என்று பெயரிட்டுத் தாக்கினார். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. அறிக்கையை முழுதும் படித்தவர்கள் குறைவு. யூத அரசு அமைப்பது மெசியா பற்றிய வாக்குறுதிகளுக்கு முரண் என்றும், யூதன் தான் வாழும் தாய்நாட்டுக்குக் கடமைப்பட்டவன் என்றும் சொன்ன அதே அறிக்கை, பாலஸ்தீனத்தில் யூத உழவர்களைக் குடியேற்றும் முயற்சி இவற்றுக்கு முரணாகாது, ஏனெனில் அதற்கும் தேசிய அரசுக்கும் சம்பந்தமில்லை என்றும் சொல்கிறது. கலப்பைக்கு அனுமதி, கொடிக்கு மறுப்பு.

கிழக்கில் எதிர்ப்பின் குரல் வேறு. 1900இல் வார்சாவில் ‘ஓர் லயெஷாரிம்’ என்ற தொகுப்பு அச்சாயிற்று. லுபாவிச்சின் ஷலோம் தோவ் பேர் ஷ்னேயர்ஸனும் பிரிஸ்க்கின் ஹயிம் சொலவெய்ச்சிக்கும் அதில் உண்டு. ஜெர்மன் ரபிகளைப் போல ஜார் மன்னனின் ரஷ்யாவைத் தாய்நாடு என்று இவர்கள் கொண்டாட எந்தக் காரணமும் இல்லை. கட்டளைகளைக் கைவிட்டவனும் தேச உணர்ச்சி இருந்தால் நல்ல யூதன்தான் என்ற எண்ணம் பரவினால், தோராவின் இடத்தில் தேசம் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பது ஷ்னேயர்ஸனின் அச்சம். சியோனியர் எல்லாரும் பக்திமான்களாகவே இருந்தாலும், மீட்பைச் சொந்தக் கையால் பறிக்கக்கூடாது என்பதும் அவர் நிலை. பிற்காலத்தைப் பார்த்தவர்கள் என்ற முறையில் முதல் அச்சத்தை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது.

6. ரெய்னெஸ் எடுத்த முடிவு

லிடாவின் ரபி யிட்ஸ்ஹாக் யாகோவ் ரெய்னெஸ் 1902இல் வில்னாவில் மிஸ்ராஹி என்ற சமயச் சியோனிய அமைப்பைத் தொடங்கினார். காலிஷர் வழியில் அவர் போயிருப்பார் என்று எதிர்பார்ப்போம். அவர் நேர்மாறாகச் சொன்னார்: சியோனியத்துக்கும் மீட்புக்கும் தொடர்பே இல்லை. மக்கள் சாகிறார்கள், தங்க இடம் வேண்டும், இது அவ்வளவுதான். மெசியாவுக்கான காத்திருப்பு அப்படியே தீண்டப்படாமல் இருக்கும்.

1903 ஏப்ரலில் கிஷினேவில் கலவரக்காரர்கள் 49 யூதர்களைக் கொன்றார்கள். அந்த ஆகஸ்டில் கூடிய ஆறாம் மாநாட்டில், கிழக்கு ஆப்பிரிக்காவில் இடம் தர பிரிட்டன் முன்வந்ததை ஆராய்வதா என்று வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 295, எதிர்ப்பு 178. சமயப் பற்றில்லாத ரஷ்யச் சியோனியர் பலர் சீயோனைத் தவிர வேறு இடம் கூடாது என்று எழுந்து வெளியேறினார்கள். ரெய்னெஸ் ஆப்பிரிக்காவுக்கு ஆதரவாக வாக்களித்தார். ஒவ்வொரு நாளும் மூன்று வேளை சீயோனை நோக்கித் தொழுத மனிதர் அவர். மீட்பு வேறு, உயிர் காப்பது வேறு என்று உளமார நம்பியவருக்குத்தான் அந்த வாக்கு சாத்தியம்.

ரெய்னெஸ் பிரித்ததை மறுபடி இணைத்தவர் 1904இல் யாஃபாவுக்கு ரபியாக வந்த ஆப்ரஹாம் யிட்ஸ்ஹாக் கூக். நம்பிக்கையற்ற உழவனின் உழைப்பிலும் மீட்பின் ஒளியைக் கண்டவர். அடுத்தடுத்த ஏழாம் ஆண்டுகளில் விற்பனை அனுமதிக்குத் தோள்கொடுத்தவர். அவரைப் பேசத் தொடங்கினால் இன்னொரு மாலை வேண்டும்.

ரபி ஸெய்ராவைப் பாதிவழியில் விட்டுவந்தேன். அவர் கடைசியில் புறப்பட்டுவிட்டார். அதே கெதுபோத் பகுதியின் இன்னொரு ஏட்டில் அந்தப் பயணம் வருகிறது. வழியில் ஓர் ஆறு, கடக்கப் படகில்லை. அவர் காத்திருக்கவில்லை. குறுக்கே கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டார். அதைப் பார்த்த வேறு கொள்கைக்காரன் ஒருவன், உங்கள் கூட்டமே அவசரக்காரக் கூட்டம், இன்னமும் அந்தப் புத்தி போகவில்லை என்று ஏளனம் செய்தான். ஸெய்ரா தம் செயலுக்கு எந்த நூலையும் ஆதாரம் காட்டவில்லை. மோசேக்கும் ஆரோனுக்கும் கிடைக்காத இடம் அது, எனக்குக் கிடைக்கும் என்று யார் சொல்ல முடியும் என்றார், கயிற்றை விடாமல்.